‘கரஸ்’ல படிச்ச டிகிரியா? - வீட்டிலிருந்தே வாங்கிய பட்டங்களின் கதை

வேலைக்கான நேர்முகத் தேர்வில், சான்றிதழைப் புரட்டிக்கொண்டே கேட்கப்படும் ஒரு கேள்வி உண்டு. "ரெகுலரா, கரஸா?"

இரண்டே சொல்தான். ஆனால் "கரஸ்" என்று பதில் சொல்பவரின் குரல் கொஞ்சம் இறங்கிவிடும். பகலில் வேலை, இரவில் படிப்பு, ஞாயிற்றுக்கிழமை காண்டாக்ட் கிளாஸ் என்று மூன்று வருடம் ஓடி வாங்கிய பட்டம், அந்த ஒரு நொடியில் பாதி விலைக்குப் போய்விடும். இன்று அதே கேள்வி "ஆன்லைன்ல படிச்சதா?" என்று கேட்கப்படுகிறது. கேள்வி மாறியிருக்கிறது. அதற்குள் இருக்கும் சந்தேகம் மாறவில்லை.

இந்தச் சந்தேகம் இணையத்தோடு பிறந்தது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இதற்கு வயது 160-க்கும் மேல். கல்லூரி வாசலையே மிதிக்காத ஒருவருக்குப் பட்டம் கொடுக்கலாமா என்ற சண்டை 1858-லேயே நடந்து முடிந்துவிட்டது. அந்தச் சண்டையில் தொடங்கி இன்றைய ஆன்லைன் பட்டம் வரை வரலாற்றைப் பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரியும். வீட்டிலிருந்து படித்த பட்டத்தை உலகம் சில காலம் நம்பியிருக்கிறது, சில காலம் நம்பவில்லை. அந்த வித்தியாசம் மாணவர் எங்கே உட்கார்ந்து படித்தார் என்பதால் வந்ததில்லை. அவரை யார் சோதித்தார்கள், எவ்வளவு கண்டிப்பாகச் சோதித்தார்கள் என்பதால் வந்தது.

லண்டனில் தொடங்கிய விவகாரம்

லண்டன் பல்கலைக்கழகம் 1836-ல் அரச சாசனம் மூலம் உருவானது. பல்கலைக்கழகம் என்றாலும் அதற்கு வகுப்பறை கிடையாது, பாடம் நடத்தும் பேராசிரியரும் கிடையாது. தேர்வு நடத்துவது, தேறியவருக்குப் பட்டம் கொடுப்பது, இந்த இரண்டு வேலை மட்டும்தான். பாடம் நடத்தும் வேலையை யூனிவர்சிட்டி காலேஜ், கிங்ஸ் காலேஜ் போன்ற கல்லூரிகள் பார்த்துக்கொண்டன.

ஆரம்பத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. அங்கீகாரம் பெற்ற ஏதாவது ஒரு கல்லூரியில் படித்ததாகச் சான்றிதழ் கொண்டுவந்தால்தான் தேர்வு எழுத முடியும். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நாளாக நாளாக அங்கீகாரம் பெற்ற கல்லூரிகளின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனது. அவற்றில் நல்ல கல்லூரிகளும் இருந்தன, பெயருக்கு நடந்தவையும் இருந்தன. எல்லாக் கல்லூரியின் சான்றிதழுக்கும் ஒரே மதிப்பு என்றால், அந்தச் சான்றிதழுக்கு என்ன அர்த்தம்?

1858-ல் புதிய சாசனம் வந்தது. மருத்துவம் தவிர மற்ற பட்டங்களுக்குக் கல்லூரிச் சான்றிதழ் தேவையில்லை என்று அறிவித்தது. எங்கே படித்தாலும் சரி, யாரிடம் படித்தாலும் சரி, யாரிடமும் படிக்காவிட்டாலும் சரி. நுழைவுத் தேர்வில் தேறி, பட்டத் தேர்விலும் தேறினால் பட்டம்.

எதிர்ப்பு இல்லாமல் இது நடக்கவில்லை. கல்லூரி வாழ்க்கை இல்லாமல் படிப்பு முழுமையாகாது, தேர்வை மட்டும் வைத்தால் மனப்பாடம் செய்பவர்கள்தான் ஜெயிப்பார்கள் என்றெல்லாம் வாதங்கள் எழுந்தன. இன்று ஆன்லைன் படிப்புக்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெரிய வித்தியாசம் இருக்காது!

கப்பலில் போன கேள்வித்தாள்

அன்றைய இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டும் பணமும் நேரமும் உள்ளவர்களுக்கானவை. பள்ளி ஆசிரியருக்கும் கடைச் சிப்பந்திக்கும் எழுத்தருக்கும் அங்கே இடமில்லை. அவர்களுக்கு 1858 ஒரு கதவைத் திறந்துவிட்டது.

1865-ல் மொரீஷியஸ் தீவில் லண்டன் தேர்வு நடந்தது. கேள்வித்தாள் கப்பலில் போனது, விடைத்தாள் கப்பலில் திரும்பி வந்தது. லண்டனில் எழுதியவருக்கும் மொரீஷியஸில் எழுதியவருக்கும் ஒரே தேர்வு, ஒரே திருத்தம். பிறகு பிரிட்டிஷ் ஆட்சி நடந்த பல நாடுகளுக்கும் இந்த ஏற்பாடு பரவியது.

1878-ல் லண்டன் பல்கலைக்கழகம் பெண்களையும் பட்டத்துக்கு அனுமதித்தது. 1880-ல் முதல் நான்கு பெண்கள் பி.ஏ. பட்டம் பெற்றார்கள். அந்த நேரத்தில் ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் பெண்கள் வகுப்பில் உட்காரலாம், ஆனால் பட்டம் வாங்க முடியாது. ஆக்ஸ்போர்டு 1920-லும் கேம்பிரிட்ஜ் 1948-லும்தான் பெண்களுக்கு முழு உரிமையோடு பட்டம் கொடுத்தன.

‘காலப் பொறி’ கதை எழுதிய எச்.ஜி. வெல்ஸும் இப்படி வெளியிலிருந்து படித்து லண்டன் பட்டம் வாங்கியவர்தான். முதலில் ஒரு கல்லூரியில் அறிவியல் படித்து, பட்டம் வாங்காமலே வெளியேறியவர். பிறகு ஆசிரியர் வேலை பார்த்துக்கொண்டே படித்து 1890-ல் விலங்கியலில் பி.எஸ்சி. பட்டம் பெற்றார். அடுத்து அவர் வேலைக்குச் சேர்ந்த இடம் இன்னும் சுவாரஸ்யம். லண்டன் தேர்வுக்குத் தபால் மூலம் பயிற்சி கொடுப்பதற்காக வில்லியம் பிரிக்ஸ் என்பவர் 1887-ல் தொடங்கிய அஞ்சல் கல்லூரி அது. படிக்க வழியில்லாதவர்களுக்குப் பாடமும் மாதிரி வினாத்தாளும் அனுப்பி, விடையைத் திருத்தித் திருப்பி அனுப்பும் தொழில் அப்போதே நன்றாக நடந்துகொண்டிருந்தது. இன்றைய ஆன்லைன் கோச்சிங்கின் தாத்தா என்று சொல்லலாம்.

லண்டன் பல்கலைக்கழகம் 1900-ல் மாற்றி அமைக்கப்பட்டது. கல்லூரியில் படிப்பவர்களுக்கு ஒரு பிரிவு, வெளியிலிருந்து எழுதுபவர்களுக்கு ஒரு பிரிவு என்று இரண்டாகப் பிரித்தார்கள். ஆனால் வெளியிலிருந்து எழுதும் வழியை மூடவில்லை. அது இன்றுவரை தொடர்கிறது.

சென்னையும் யாழ்ப்பாணமும்

1857-ல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று இடங்களில் பல்கலைக்கழகங்கள் தொடங்கப்பட்டபோது, அவற்றுக்கு மாதிரி லண்டன்தான். ஆகவே சென்னைப் பல்கலைக்கழகமும் ஆரம்பத்தில் பாடம் நடத்தவில்லை. தேர்வு வைத்தது, பட்டம் கொடுத்தது, அவ்வளவுதான்.

அதன் முதல் பட்டதாரிகளாக அறியப்படும் இருவர் சி.வை. தாமோதரம் பிள்ளையும் விசுவநாத பிள்ளையும். இருவரும் யாழ்ப்பாணத்துக்காரர்கள். பின்னாளில் பழந்தமிழ் நூல்களைத் தேடிப் பதிப்பித்த அதே தாமோதரம் பிள்ளைதான். அவர் படித்தது வட்டுக்கோட்டை செமினரியில். சென்னைக்கு வந்து வேலையில் இருந்தபோது பி.ஏ. தேர்வு எழுதித் தேறினார். படித்தது ஒரு நாட்டில், பட்டம் வாங்கியது இன்னொரு நாட்டில். அந்தப் பட்டத்தை அன்று யாரும் குறைவாக நினைக்கவில்லை.

இலங்கைக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. 1921-ல் கொழும்பில் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரிக்குச் சொந்தமாகப் பட்டம் கொடுக்கும் அதிகாரம் இல்லை. அங்கே படித்தவர்கள் லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரித் தேர்வை எழுதித்தான் பட்டம் வாங்கினார்கள். 1942-ல் இலங்கைப் பல்கலைக்கழகம் வரும்வரை இதுதான் நிலை. இருபது வருடங்களுக்கும் மேலாக ஒரு நாட்டின் பட்டதாரிகள் ‘வெளியூர்த் தேர்வு’ எழுதி உருவானார்கள். இன்றும் இலங்கையில் ‘வெளிவாரிப் பட்டம்’ என்ற சொல் புழக்கத்தில் இருக்கிறது.

காற்றில் ஒரு பல்கலைக்கழகம்

லண்டன் முறையில் ஒரு பெரிய குறை இருந்தது. அது தேர்வு மட்டும்தான் வைத்தது. எப்படிப் படிப்பது என்பது மாணவரின் தலையெழுத்து. நல்ல புத்தகமோ ஆசிரியரோ கிடைத்தவர் தேறினார், கிடைக்காதவர் தோற்றார். அந்தக் குறையைச் சரிசெய்ய முயன்றதுதான் பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்.

1963 செப்டம்பரில் கிளாஸ்கோவில் நடந்த கூட்டத்தில் தொழிற்கட்சித் தலைவர் ஹெரால்டு வில்சன் ‘காற்றுவழிப் பல்கலைக்கழகம்’ என்ற யோசனையைச் சொன்னார். வானொலி, தொலைக்காட்சி, தபால் மூன்றையும் சேர்த்துப் பட்டப்படிப்பு நடத்துவது திட்டம். அவர் பிரதமரானதும் பொறுப்பை ஜென்னி லீயிடம் கொடுத்தார். ஜென்னி லீ சுரங்கத் தொழிலாளியின் மகள். ஒரு விஷயத்தில் அவர் கடைசிவரை பிடிவாதமாக இருந்தார். ஏழைகளுக்கு என்று ஒரு மட்டமான பட்டம் கொடுக்கக் கூடாது, மற்ற பல்கலைக்கழகங்களின் பட்டத்துக்குச் சமமாக இருந்தால்தான் இது நடக்க வேண்டும் என்பதே அது.

கிண்டல் செய்தவர்கள் ஏராளம். எதிர்க்கட்சியின் முக்கியத் தலைவரான இயன் மெக்லியோடு இதைச் சுத்த அபத்தம் என்ற அர்த்தத்தில் திட்டினார். ஆனாலும் 1969-ல் அரச சாசனம் கிடைத்தது. தொடக்க விழா நடந்தது அந்த வருடம் ஜூலை 23-ல். மனிதன் நிலவில் கால் வைத்து மூன்றே நாள் ஆகியிருந்தது.

அடுத்த வருடமே ஆபத்து வந்தது. 1970 தேர்தலில் வில்சன் தோற்றார். மெக்லியோடு நிதியமைச்சரானார். திட்டம் அவ்வளவுதான் என்று பலர் நினைத்தார்கள். பதவியேற்ற சில வாரங்களிலேயே மெக்லியோடு இறந்துபோனார். புதிய கல்வி அமைச்சர் பல்கலைக்கழகத்தைத் தொடர அனுமதித்தார். அந்தக் கல்வி அமைச்சர் பெயர் மார்கரெட் தாட்சர்!

1971 ஜனவரியில் 24 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களோடு படிப்பு தொடங்கியது. சேருவதற்குப் பள்ளி மதிப்பெண் தேவையில்லை. உள்ளே வருவது சுலபம், வெளியே போவதுதான் கஷ்டம். பாடங்களைத் தனி ஒருவர் எழுதவில்லை, பேராசிரியர்கள் குழுவாக உட்கார்ந்து எழுதினார்கள். மாணவர் அனுப்பும் ஒவ்வொரு ஒப்படைப்பையும் ஓர் ஆசிரியர் படித்து, குறை நிறை எழுதித் திருப்பி அனுப்பினார். அறிவியல் மாணவர்களுக்குச் சோதனைக் கருவிகள் பெட்டியில் வீட்டுக்கே வந்தன. கோடையில் ஒரு வாரம் வேறொரு பல்கலைக்கழக வளாகத்தில் தங்கி ஆய்வகத்தில் வேலை செய்ய வேண்டும். கடைசியில் கண்காணிப்பாளர் முன்னிலையில் எழுத்துத் தேர்வு. அந்தத் தேர்வின் தரத்தைச் சரிபார்க்க மற்ற பல்கலைக்கழகங்களிலிருந்து பேராசிரியர்கள் வந்தார்கள்.

இன்னொன்றும் நடந்தது. பாடங்கள் பி.பி.சி.யில் ஒளிபரப்பாயின. வகுப்பறைக்குள் ஒரு பேராசிரியர் என்ன சொல்லிக்கொடுக்கிறார் என்பது அந்த மாணவர்களுக்கு மட்டும்தான் தெரியும். இங்கேயோ, தொலைக்காட்சியைப் போட்டால் ஊருக்கே தெரியும். கிண்டல் செய்தவர்களும் பார்த்தார்கள், மற்ற கல்லூரி ஆசிரியர்களும் பார்த்தார்கள். பாடம் தரமாக இருப்பதை அவர்களே கண்டார்கள். 1973-ல் முதல் பட்டதாரிகள் வெளியே வந்தார்கள். 1983-ல் வந்த ‘எஜுகேட்டிங் ரீட்டா’ படத்தின் நாயகி, இந்தப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒரு சிகை அலங்காரப் பெண். பத்துப் பன்னிரண்டு வருடத்துக்குள் அபத்தம் என்று திட்டப்பட்ட ஒன்று சாதாரண வாழ்க்கையின் பகுதியாகிவிட்டது.

தமிழ்நாட்டுக்கு வந்த தபால்

இந்தியாவில் இந்தக் கதை 1962-ல் டெல்லிப் பல்கலைக்கழகத்தின் அஞ்சல்வழிக் கல்வியோடு தொடங்குகிறது. தமிழ்நாட்டில் மதுரைப் பல்கலைக்கழகம் 1971-லும், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979-லும், சென்னைப் பல்கலைக்கழகம் 1981-லும் இதில் இறங்கின. 1982-ல் ஆந்திராவில் நாட்டின் முதல் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 1985-ல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் வந்தன. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002-ல் வந்தது.

இவற்றால் பயனடைந்தவர்கள் யார்? பிளஸ் டூ முடித்ததும் கல்யாணமாகிப் போன பெண்கள், பஸ் கண்டக்டர்கள், மில் தொழிலாளிகள், போலீஸ்காரர்கள், பதவி உயர்வுக்குப் பட்டம் தேவைப்பட்ட இளநிலை உதவியாளர்கள், எம்.ஏ. சேர்த்துக்கொள்ள நினைத்த பள்ளி ஆசிரியர்கள். தபால்காரர் கொண்டுவந்து கொடுக்கும் பழுப்பு நிறப் பாடக் கட்டுதான் இவர்களின் கல்லூரி. குடும்பத்தின் முதல் பட்டதாரியே ‘கரஸ்’ பட்டதாரியாக இருக்கும் வீடுகள் தமிழ்நாட்டில் நிறைய உண்டு.

அப்படியானால் ‘கரஸ்’ என்ற சொல் எப்படிக் கேலிச் சொல்லானது?

தவறியது எங்கே?

பல்கலைக்கழகங்களுக்குத் தொலைநிலைக் கல்வி நல்ல வருமானம் தந்தது. ஒரு வகுப்பில் 60 பேரைத்தான் உட்கார வைக்க முடியும், தபாலில் 60 ஆயிரம் பேருக்கும் அனுப்பலாம். படிப்பு மையங்கள் தெருவுக்குத் தெரு முளைத்தன. ஜெராக்ஸ் கடை மாடியிலும் கணினிப் பயிற்சி நிலையத்திலும் பல்கலைக்கழகப் பலகை தொங்கியது. தங்கள் மாநிலத்துக்கு வெளியேயும் மையங்களைத் திறந்தார்கள். மாநிலப் பல்கலைக்கழகங்கள் தங்கள் மாநில எல்லையைத் தாண்டி மையம் நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யு.ஜி.சி., 2013-ல் அறிவிக்க வேண்டிவந்தது.

ஒப்படைப்பு என்பது பெயரளவுக்கு ஆனது. எழுதியவர் யார், திருத்தியவர் யார் என்று கேட்க ஆளில்லை. பிரிட்டனிலிருந்து ‘திறந்த கதவு’ என்ற பாதியை எடுத்துக்கொண்ட பலர், ‘கண்டிப்பான சோதனை’ என்ற மறுபாதியை அங்கேயே விட்டுவிட்டார்கள்.

விளைவு நீதிமன்றத்துக்கு வந்தது. இளநிலைப் பட்டம் இல்லாமலே திறந்தநிலையில் நேரடியாக வாங்கிய முதுநிலைப் பட்டம் செல்லாது என்று 2009-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நேரடியாக எம்.ஏ. முடித்திருந்த பலர், அரசு வேலைக்கு அந்தப் பட்டம் உதவாது என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டார்கள்.

அதைவிடப் பெரிய அடி 2017 நவம்பரில் விழுந்தது. ஒடிசாவில் டிப்ளமோ படித்து வேலையில் இருந்த பொறியாளர்களின் பதவி உயர்வு பற்றிய வழக்கு அது. நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தேவையான முன் அனுமதி இல்லாமலே தொலைநிலையில் பொறியியல் பட்டம் கொடுத்தது விசாரணையில் தெரிந்தது. 2001 முதல் 2005 வரையிலான கல்வியாண்டுகளில் சேர்ந்தவர்களின் பட்டத்தை உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. அதற்குப் பிறகு சேர்ந்தவர்களின் பட்டத்தை ரத்தே செய்துவிட்டது.

நிறுத்தி வைக்கப்பட்டவர்களுக்கு நீதிமன்றம் ஒரு வழி சொன்னது. ஏ.ஐ.சி.டி.இ. நடத்தும் ஒரு தேர்வை எழுத வேண்டும். தேறினால் பட்டம் திரும்பக் கிடைக்கும். இல்லாவிட்டால் பட்டமும் போகும், அதனால் கிடைத்த சலுகைகளும் போகும். 2018 ஜூனில் அந்தத் தேர்வு நடந்தது.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நாற்பது வயதைத் தாண்டியவர், பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு முடித்த படிப்புக்காக மறுபடியும் பரீட்சை அறையில் உட்கார்கிறார். அவர் ஏமாற்றவில்லை. கேட்ட கட்டணத்தைக் கட்டினார், கேட்ட தேர்வை எழுதினார். சோதிக்க வேண்டியவர்கள் சரியாகச் சோதிக்காததற்கு அவர் தண்டனை அனுபவித்தார். அதே நேரத்தில் நீதிமன்றத்துக்கும் வேறு வழி இல்லை. ஆய்வகம் பார்க்காத பொறியாளரை நம்பிப் பாலம் கட்டச் சொல்ல முடியுமா? சந்தேகத்தைத் தீர்க்க நீதிமன்றம் கையிலெடுத்ததும் 1858-ல் லண்டன் கையிலெடுத்த அதே கருவிதான்: தேர்வு!

இணையம் வந்த பிறகு

1999-ல் அமெரிக்காவின் ஜோன்ஸ் இன்டர்நேஷனல் பல்கலைக்கழகம், முழுக்க இணையத்திலேயே இயங்கி முறையான அங்கீகாரம் பெற்ற முதல் பல்கலைக்கழகமானது. பேராசிரியர்கள் அமைப்பு இதற்குக் கடும் எதிர்ப்பு தெரிவித்தது. 2015-ல் அந்தப் பல்கலைக்கழகம் தன்னை மூடிக்கொள்வதாக அறிவித்தது.

இணையம் போலிகளுக்கும் வசதி செய்து கொடுத்தது. பணம் கட்டினால் பட்டம் அனுப்பும் ‘டிப்ளமோ ஆலைகள்’ அமெரிக்காவில் ஏற்கெனவே இருந்தன. 1980-களில் எஃப்.பி.ஐ. தனிப்படை வைத்து அவற்றைப் பிடித்தது. 2015-ல் கராச்சியில் இயங்கிய ஒரு நிறுவனம், இல்லாத நூற்றுக்கணக்கான பல்கலைக்கழகங்களுக்கு இணையதளம் உருவாக்கிப் பட்டம் விற்றதை நியூயார்க் டைம்ஸ் வெளியிட்டது. அழகான கட்டடத்தின் படம், சிரிக்கும் மாணவர்களின் படம், எல்லாம் இருந்தது. பல்கலைக்கழகம் மட்டும் இல்லை! இப்படி ஒரு செய்தி வரும்போதெல்லாம் நேர்மையாக ஆன்லைனில் படித்தவர்களின் மீதும் ஒரு துளி சேறு விழுந்தது.

2011-ல் ஸ்டான்போர்டு பேராசிரியர்கள் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தை இணையத்தில் இலவசமாக நடத்தியபோது ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் பதிவு செய்தார்கள். கடைசிவரை முடித்தவர்கள் அதில் ஒரு சிறு பகுதிதான். முடித்தவர்களுக்கும் கிடைத்தது ஒரு சான்றுக் கடிதமே, ஸ்டான்போர்டு பட்டம் அல்ல. பாடத்தை யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம், தன் பெயரை எல்லோருக்கும் கொடுக்க முடியாது என்பதில் பல்கலைக்கழகம் தெளிவாக இருந்தது.

அந்தப் பெயரையும் கொடுக்க முன்வந்தது ஜார்ஜியா டெக். 2014 ஜனவரியில் கணினி அறிவியல் முதுநிலைப் பட்டத்தை முழுக்க ஆன்லைனில் தொடங்கியது. மொத்தக் கட்டணம் சுமார் 7 ஆயிரம் டாலர். வளாகத்தில் படிப்பவர்களின் கட்டணத்தோடு ஒப்பிட்டால் இது மிகவும் குறைவு. பட்டத்தில் ஆன்லைன் என்ற சொல்லே கிடையாது. பாடமும் திட்டப்பணியும் வளாக மாணவர்களுக்கு உள்ள அதே கடுமையில் இருந்ததால்தான் அந்தத் துணிச்சல் வந்தது.

இந்தியாவில் யு.ஜி.சி. 2018-ல் ஆன்லைன் படிப்புகளுக்கு விதிமுறை கொண்டுவந்தது. 2020 ஜூனில் சென்னை ஐ.ஐ.டி. நிரலாக்கமும் தரவு அறிவியலும் சேர்ந்த ஆன்லைன் இளநிலைப் படிப்பை அறிவித்தது. ஜே.இ.இ. தேர்வு தேவையில்லை. நான்கு வாரம் பாடம் படித்து, வாராவாரம் ஒப்படைப்பு எழுதி, அதன் பிறகு ஒரு தகுதித் தேர்வில் தேறினால் போதும். பாடம் வீட்டில், வீடியோவில். ஆனால் முக்கியத் தேர்வுகளை மையத்துக்கு நேரில் போய்த்தான் எழுத வேண்டும். கதவு அகலம், சோதனை கண்டிப்பு. ஜென்னி லீ பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

2022 செப்டம்பரில் யு.ஜி.சி. இன்னொரு அறிவிப்பும் வெளியிட்டது. அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள் தொலைநிலையிலும் ஆன்லைனிலும் கொடுக்கும் பட்டங்கள், நேரடி வகுப்பில் படித்த பட்டங்களுக்குச் சமம் என்று அது சொன்னது. சட்டப்படி சண்டை முடிந்தது. நேர்முகத் தேர்வு அறையில் இன்னும் முடியவில்லை.

கொரோனா சொன்ன பாடம்

2020-ல் கொரோனா வந்தபோது ‘ரெகுலர்’ மாணவர்கள் எல்லோருமே ஒரே வாரத்தில் ‘ஆன்லைன்’ மாணவர்களானார்கள். அந்த ஆகஸ்டில், அரியர் தேர்வுக்குக் கட்டணம் கட்டியிருந்தவர்கள் எல்லோரும் தேர்ச்சி என்று தமிழக அரசு அறிவித்ததும், மாணவர்கள் போஸ்டர் அடித்துக் கொண்டாடியதும் பலருக்கு நினைவிருக்கும். விவகாரம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. தேர்வே வைக்காமல் தேர்ச்சி கொடுப்பதை 2021-ல் நீதிமன்றம் ஏற்கவில்லை.

பிறகு நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. ‘கொரோனா பேட்ச்’ என்ற கேலிப் பெயர் வந்தது. அந்த மாணவர்கள் பெரிய கட்டடமும் ஆய்வகமும் விடுதியும் உள்ள கல்லூரியில் சேர்ந்தவர்கள்தான். ஆனால் அவர்களின் தேர்வு சரியாக நடக்கவில்லை என்ற எண்ணம் வந்ததும், அவர்களின் ரெகுலர் பட்டமும் சந்தேகத்துக்குள்ளானது. இத்தனை வருடம் ‘கரஸ்’ மாணவர் நின்ற இடத்தில் ரெகுலர் மாணவர்களும் ஒருமுறை நின்று பார்த்தார்கள்.

மதிப்பு என்பது எது?

இதனால் வகுப்பறையே வேண்டாம் என்று அர்த்தமில்லை. 1858-ல் எதிர்த்தவர்கள் சொன்னதில் உண்மை இருக்கிறது. கல்லூரியில் நண்பர்கள் கிடைக்கிறார்கள், புரியாததைக் கேட்க ஆசிரியர் பக்கத்தில் இருக்கிறார், நூலகமும் ஆய்வகமும் இருக்கின்றன. மருத்துவம், பொறியியல், நர்சிங் போன்றவற்றைக் கையால் செய்யாமல் கற்க முடியாது. அதனால்தான் மருத்துவத்தை லண்டன் அன்றே விலக்கி வைத்தது. வீட்டிலிருந்து படிக்கத் தொடங்குபவர்களில் பாதியில் விடுபவர்கள் அதிகம் என்பதும் உண்மை. தனியாகப் படிப்பது சுலபமில்லை.

ஆனால் அதையே திருப்பியும் பார்க்கலாம். யாரும் எழுப்பாமல் எழுந்து, யாரும் கேட்காமல் படித்து, குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு ஒப்படைப்பு எழுதி, கண்டிப்பான ஒரு தேர்வில் தேறி வருபவர், பாடத்தோடு இன்னொன்றையும் நிரூபிக்கிறார். அதை அறிந்து மதிக்கத் தெரிந்த வேலைதாரர்கள் உலகில் எப்போதும் இருந்திருக்கிறார்கள்.

ஆன்லைன் பட்டத்தில் சேர நினைப்பவர்கள் விளம்பரத்தில் வரும் நடிகரையும் தள்ளுபடியையும் பார்ப்பதைவிட, வரலாறு கற்றுக்கொடுத்த சில கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். சேரும் வருடத்தில் அந்தப் படிப்புக்கு யு.ஜி.சி. அனுமதி இருக்கிறதா? தேர்வை யார் நடத்துகிறார்கள், எழுதுவது அந்த மாணவர்தான் என்று எப்படி உறுதி செய்கிறார்கள்? ஒப்படைப்பை ஓர் ஆசிரியர் உண்மையிலேயே படித்துத் திருத்துகிறாரா? வளாகத்தில் படிப்பவருக்கும் இதே பாடம், இதே தேர்வுதானா? தோற்பவர்கள் இருக்கிறார்களா? எல்லோரும் தேறிவிடும் படிப்பு என்று யாராவது சொன்னால், அங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது.

நேர்முகத் தேர்வு நடத்துபவர்களுக்கும் ஒரு வார்த்தை. "ரெகுலரா, கரஸா?" என்று கேட்பதற்குப் பதிலாக, "என்ன படித்தீர்கள், சொல்லுங்கள்" என்று கேட்டுப் பார்க்கலாம். பத்து நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும். வேலை பார்த்துக்கொண்டே பி.ஏ. தேர்வு எழுதிய யாழ்ப்பாணத்துத் தாமோதரம் பிள்ளையைச் சென்னைப் பல்கலைக்கழகம் அப்படித்தான் சோதித்தது. அவர் எங்கே உட்கார்ந்து படித்தார் என்று அது கேட்கவில்லை.